மேற்கே பார்த்து நிற்கும் வண்டி

பிப்ரவரி 1, வியாழன்

இன்று பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. பதினாறு வருடம் முட்டை ஏற்றிய பிக்கப். இனி முட்டைக்காரியை ஏற்றப் போகிறது.

பெட்டியைக் கட்டியவர் நாமக்கல் பட்டறைக்காரர் லோகநாதன். லாரிக்குக் கூண்டு கட்டியே பழகியவர். உள்ளே படுத்து, சமைத்து, குளிக்காமல் மட்டும் வாழ்கிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும், நினைத்தால் ஏற்ற வேண்டும், நினைத்தால் இறக்க வேண்டும் என்று நான் போனில் வீடியோ காட்டியபோது சிரித்தார். பிறகு பொறி தட்டிவிட்டது போல, ஒரு மாதம் வேறு வேலையே பார்க்கவில்லை. நாலு மூலையிலும் இரும்புக் கால்கள். கால்களைத் திருகினால் பெட்டி உயரும். அடியில் வண்டியைப் பின்னுக்கு விட்டு, கால்களைச் சுருக்கினால் வேலை முடிந்தது. அவருடைய ஆட்கள் மூன்று முறை பின்னுக்கு விட்டும் நேராகப் போகவில்லை. நான்காவது முறை நான் ஏறினேன். நூல் பிடித்தது போல் போய் உட்கார்ந்தது. கோழிப் பண்ணைக்குள் இருபது வருடம் ரிவர்ஸ் எடுத்தவள் நான்.

டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மச்சுப் படுக்கை எனக்கு. கீழே பெஞ்சு நங்கையாவுக்கு. இரண்டு பர்னர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஒரு சோலார் தகடு, ஒரு சின்ன ஃபேன். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே வெயில் தாங்க என்ன வைப்பது என்று லோகநாதன் யோசித்தார். வீட்டில் மிச்சமிருந்த முட்டை அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது.

நங்கையா என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா, பாவாயம்மாள். எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். வயது அறுபத்து நாலு, எனக்கு ஐம்பத்தெட்டு. வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. பண்ணையும் அதோடு சேர்ந்த வீடும் போன வாரம் கைமாறிவிட்டன. கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் நாங்களும் இதுவரை எங்கேயும் போனதில்லை. இப்போது போகிறோம், பன்னிரண்டு நாள். அப்புறம் நான் கோயம்புத்தூரில் மகன் தரணியோடு. நங்கையாவுக்குத் தென்காசி பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏற்பாடாகியிருக்கிறது. நல்ல இடம், குற்றாலக் காற்று. பதிமூன்றாம் தேதி அங்கே போய்ச் சேர வேண்டும்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2, வெள்ளி. முசிறி, காவிரிக்கரை

கிளம்புவதற்கு முன்பே ஒரு பஞ்சாயத்து. நங்கையா பெட்டியைச் சுற்றி வந்தார், உள்ளே ஏறினார், இறங்கினார். "அடுப்பு எந்த மூலையில இருக்குது?" என்றார்.

பின்பக்கம், கதவை ஒட்டி, இடது கைப் பக்கம். புகை வெளியே போக அதுதான் வசதி என்று லோகநாதன் வைத்திருந்தார். அக்னி மூலை தென்கிழக்கு, அங்கேதான் அடுப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறமாட்டேன் என்று நங்கையா சொல்லிவிட்டார். ஓடுகிற வண்டிக்கு ஏது தென்கிழக்கு என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். கடைசியில் லோகநாதன்தான் வழி சொன்னார்: வண்டியை மேற்கே பார்த்து நிறுத்தினால் அடுப்பு தானாகத் தென்கிழக்குக்கு வந்துவிடும், கதவும் கிழக்கு வாசலாகிவிடும். அவர் விளையாட்டாகச் சொன்னது நங்கையாவுக்கு வேதவாக்காகிவிட்டது.

சாயங்காலம் முசிறியில் காவிரியைப் பார்த்தபடி நிறுத்த ஆசைப்பட்டேன். காவிரி எங்களுக்குத் தெற்கே இருந்தது. ஆகவே நாங்கள் ஒரு வைக்கோல் போரைப் பார்த்தபடி நின்றோம்.

இன்னொரு பஞ்சாயத்து: சமைக்கிற பெட்டிக்குள் கக்கூஸ் நாற்காலி கூடவே கூடாது. அதற்கு வெளியே ஒரு சின்னக் கூடாரம் அடித்தாகிவிட்டது. கூடாரத்துக்கும் திசை உண்டாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 3, சனி

மச்சில் எழுந்து உட்கார முடியாது என்பதை இன்று காலை நெற்றியால் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு. புதுக்கோட்டை தாண்டி

காலையில் ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டிய லாரி நிறுத்துமிடத்தில் நின்று டிபன் செய்ய அனுமதி வாங்கினோம். மற்ற வண்டிகள் எல்லாம் வடக்கே பார்த்து நின்றன. நாங்கள் மட்டும் குறுக்கே, மேற்கே. உப்புமா பாதி வெந்திருக்கும்போது டீசல் டேங்கர் வந்து ஹாரன் அடித்தது. அடுப்பை அணைக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. அரைவேக்காட்டில் இறக்கினால் உப்புமா பாழ். டேங்கர் டிரைவர் இறங்கி வந்தார், திட்டத்தான் வந்தார். நங்கையா அவருக்கும் ஒரு தட்டு வைத்தார். அவர் சாப்பிட்டுவிட்டு, எங்கள் வீட்டிலும் அடுப்பு இடம் மாறித்தான் கஷ்டப்பட்டோம் என்று ஒரு கதை சொன்னார். நங்கையாவுக்குக் காலைப் பொழுது பொற்காலமாகிவிட்டது.

மதியம் போலீஸ் நிறுத்தியது. இது என்ன வண்டி என்றார் எஸ்.ஐ. பிக்கப்தான், மேலே இருப்பது இறக்கி வைக்கிற சுமை என்று லோகநாதன் சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன். என்ன சுமை என்றார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டிலிருந்து நங்கையா எட்டிப் பார்த்தார். எஸ்.ஐ. சிரித்துவிட்டார். ஆனாலும் காகிதம் கேட்டார்.

நங்கையாவே டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து எல்லாக் காகிதத்தையும் அள்ளி எடுத்தார். இன்சூரன்சோடு இல்லத்துக் காகிதங்களையும் அங்கேதான் சொருகி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டி, ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டிவிட்டு, மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண்ணாடியில்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பயமில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய். தொண்டி

நங்கையா முதன்முதலாகக் கடல் பார்த்தார். நானும்தான்.

இந்த ஊரில் கடல் கிழக்கே. வண்டி மேற்கே பார்த்து நின்றால் பின்கதவு கடலைப் பார்த்துத் திறக்கிறது. கதவைத் திறந்தால் படியிலிருந்து பதினைந்து அடியில் தண்ணீர். உலகத்தில் எவனுக்கும் இப்படி ஒரு வாசல் வாய்க்காது. "பாத்தயா? இதுக்குத்தான் பெரியவங்க சொல்றது" என்றார் நங்கையா. நான் இன்னொரு டம்ளர் காபி ஊற்றிக்கொண்டேன்.

ஆனால் அலை இல்லை. இந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தானாம், தளதளவென்று சும்மா கிடக்கிறது. நங்கையா அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இதென்ன புள்ள, ஏரியாட்டம் இருக்குது. அலை அடிக்கிற கடலு எங்க இருக்குது?"

தெற்கே போனால் இருக்கிறது என்றேன். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஏமாற்றத்தில் இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம்.

பிப்ரவரி 7, புதன்

நங்கையாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. மூன்று நாளாக என்னை அடுப்பில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துகிறார். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், கொள்ளுப் பருப்பை எப்போது கடைய வேண்டும், பச்சைப்புளி ரசத்துக்குப் புளியை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும். நான் எழுதி வேறு வைத்துக்கொள்ள வேண்டுமாம். முப்பத்து நாலு வருடமாக அடுப்புப் பக்கம் கரண்டியோடு நெருங்க விடாதவர், இப்போது நான் என்னவோ தனியாகச் சமைக்கப் போகிறவள் மாதிரி உயிரை எடுக்கிறார்.

எழுதிக்கொண்டேன். இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன். திருச்செந்தூருக்குத் தெற்கே

அலை பார்த்தாயிற்று. நங்கையாவின் முட்டி வரை வந்து புடவையை நனைத்துவிட்டுப் போனது. சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கே அது தெரிந்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

அப்புறம் வினை. தார் ரோட்டோரம் நல்ல கெட்டித் தரை இருந்தது. ஆனால் அங்கே நின்றால் வண்டி தெற்கே பார்க்கும். மேற்கே திருப்புகிறேன் பேர்வழி என்று மணலில் பின்சக்கரத்தை இறக்கினேன். அவ்வளவுதான், அச்சு வரை புதைந்துவிட்டது. பெட்டி வேறு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. முதல் கியர் போட்டால் மணல் பறக்கிறது, வண்டி அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் வாஸ்து, அக்னி மூலை, அதைக் கண்டுபிடித்தவன் எல்லோரையும் சேர்த்துத் திட்டினேன். நங்கையா நனைந்த புடவையைத் தூக்கிச் சொருகினார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் தானே நடந்து போனார்.

எட்டுப் பேர் வந்தார்கள். பழைய வலையையும் பலகையையும் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, "ஏலேலோ" போட்டு ஒரே தம்மில் தூக்கிவிட்டார்கள். நங்கையா எங்களிடமிருந்த இரண்டு அட்டை முட்டையையும் வேகவைத்து, மிளகுத்தூள் தூவி ஆளுக்கு ஆறாகக் கொடுத்தார். அவர்கள் சாளை மீன் கொடுத்தார்கள். மீன் குழம்பு வைக்கும்போது வண்டி தெற்கே பார்த்துத்தான் நின்றது. நங்கையா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10, சனி

தரணி போன் செய்தான். தள்ளிப்போய்ப் பேசினேன். "அத்தைக்கு ஹால்ல ஒரு கட்டில் போட்டர்றேம்மா. ரெண்டு பேரும் வந்துருங்க. நீங்கதான் வேண்டாம் வேண்டாம்ங்கறீங்க" என்றான்.

சரி, எழுதிவிடுகிறேன். ஏற்பாடாகியிருக்கிறது என்று முதல் நாள் எழுதினேனே, அந்த ஏற்பாடு என்னுடையது. பேப்பரில் விளம்பரம் பார்த்து, இல்லத்துக்குக் கைப்பட விண்ணப்பம் எழுதிப்போட்டது நான், அதன் நகல்தான் டேஷ்போர்டு பெட்டியில் இருப்பது. தரணிக்கு இதில் இஷ்டமே இல்லை.

காரணமும் உண்டு. நான் கல்யாணமாகி வந்த ஆறாம் மாதம் நங்கையா புருஷன் வீட்டோடு ஒத்துவராமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்தச் சமையலறை என்னுடையதாக இருந்ததில்லை. அவர் ருசி பார்க்காமல் ஒரு குழம்பு இறங்கியதில்லை. நான் மடித்த புடவையை அவர் பிரித்து மடிப்பார். நான் பெருக்கிய வாசலை மறுபடி பெருக்குவார். ஒரே ஒரு வீட்டில், ஒரு வருடமாவது, நானே உப்புப் போட்டு நானே சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இது பெரிய பாவமா என்று தெரியவில்லை.

இதையும் எழுதத்தான் வேண்டும்: விடிகாலை நாலு மணிக்கு நான் சேலத்துக்கு முட்டை வண்டியை ஓட்டிக்கொண்டு போன வருடங்களில் தரணியைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் அவர். பொம்பளை லாரி ஓட்டுகிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசியபோது, எங்கள் வீட்டுச் சோறு அந்த வண்டியில்தான் வருகிறது என்று கல்யாண மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னதும் அவர்தான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

டயரில் காற்று பிடித்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். கொள்ளுப் பருப்பு செய்தேன். நங்கையா ருசி பார்க்காமலே சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். ஒரு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள். கன்னியாகுமரி

சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நங்கையா கேட்டிருந்தார். வண்டி மேற்கே பார்த்து நின்றதால் முன் கண்ணாடி முழுக்கக் கடல். முன் சீட்டில் இருவரும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி பார்த்தோம். கடைசித் துண்டு மறைந்ததும் அவர் தொலியை எல்லாம் மடியிலிருந்து தட்டிவிட்டு, "சரி, எல்லாம் பாத்தாச்சு" என்றார்.

நாளைக்குப் பதிமூன்று. இல்லத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லப் போனேன். எண்ணை அழுத்தினேன், அந்தப் பக்கம் எடுத்தார்கள், நாளை மதியம் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்குச் சொந்தமா வேறு யாருக்குமா தெரியவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய். தென்காசி, சுரண்டை ரோடு

இல்லத்தின் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கக் கை வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

"என்ன புள்ள, எடம் வந்தாச்சில்ல? எஞ்சின நிறுத்து. டீசல் வீணாப் போகுது."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் காலடியில் துணிப்பை இருந்தது. கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"அந்தப் போலீஸ்காரன் காயிதம் கேட்டானே, அன்னைக்கே தெரியும். உன்ற கையெழுத்த அடையாளம் காண எனக்குக் கண்ணாடி எதுக்கு? மேல முதியோர் இல்லம்னு கொட்டை எழுத்துல வேற இருந்துச்சு. முப்பது வருசம் முட்டை நோட்டு எழுதுனவ நீ, பக்கத்துல உக்காந்து பாத்தவ நானு."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா நீ அப்பவே வண்டியத் திருப்பிருப்ப. நான் கடலே பாக்கலையே." துணிப்பையின் முடிச்சை இறுக்கிவிட்டு, "பொறவு பாத்தா அலை இல்ல. அலை பாத்த பொறவு சூரியன் எறங்கறதப் பாக்கோணும்னு ஆச வந்துருச்சு" என்றார்.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. முந்தானையைக் கொடுத்தார்.

இல்லத்தின் நிர்வாகி ஜெபராணி தங்கமானவர். அறை காட்டினார். ஜன்னலுக்கு வெளியே மலை. சமையலறையைப் பார்க்க நங்கையா கேட்டார், அதையும் காட்டினார். நங்கையா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, மெத்தையைத் தட்டிப் பார்த்து உட்கார்ந்தார். ஏதாவது ஒரு குறை சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போய்விடலாம் என்று நான் காத்திருந்தேன்.

"ஒரு குத்தமில்ல" என்றார்.

முப்பத்து நாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்காகச் சொல்கிறார். அந்த அறையிலேயே, ஜெபராணியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நான் செஞ்சது தப்புங்க நங்கையா. எனக்கு நீங்க வேணும். எந்திரிங்க, போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. "எழுதிப் போடறப்ப என்னைக் கேட்டயா? நானும் உன்னக் கேக்காமத்தான் முடிவு பண்ணுவேன். இன்னைக்கு ஒரு ராத்திரி இங்க இருந்து பாக்கறேன். நீ போயி வண்டியில இரு" என்றார்.

நியாயம்தான். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்கிறேன். ரசம் வைத்தேன். உப்பு நானே போட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

விடிந்ததும் தரணிக்குப் போன் செய்தேன். நாமக்கல்லில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு ஒன்று பார்க்கச் சொன்னேன், எங்கள் இருவருக்கும். அத்தை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அப்படியானால் தென்காசியில் பார் என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் சொன்னேன்.

ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. கேட் திறக்கவில்லை. பெட்டிக்குள் துடைத்ததையே துடைத்தேன், இல்லை, துடைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு நங்கையா வந்தார். கையில் துணிப்பை. பின்னால் ஜெபராணி, வழியில் சாப்பிட இட்லிப் பொட்டலத்தோடு.

தூங்கினீர்களா என்று கேட்டேன்.

"எங்க தூங்கறது? மெத்தை நல்லா இருக்குது, சோறு நல்லா இருக்குது, எல்லாரும் மருவாதியாப் பேசறாங்க. குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமில்லாத எடத்துல நான் என்ன பண்ணட்டும்?"

பையை வாங்கிக்கொண்டேன். அவர் பெட்டிக்குள் ஏறினார். நான் வெளியே நின்றேன். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம். பிறகு ஆரம்பித்தது. ரசப் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறதாம். ஒரே ஒரு ராத்திரிக்கு இப்படியா என்றார். போர்வை மடித்த லட்சணமா இது? புளியை யார் இவ்வளவு கரைக்கச் சொன்னது? ரசத்தில் உப்பு ஒரு கல் கூடுதல்.

முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் விடவில்லை. கடுகு டப்பா மூடியிலிருந்து நான் பெற்ற பிள்ளை வரைக்கும் போனார். சங்கரன்கோவில் தாண்டும் வரை ஓயவில்லை. வழி தீர்ந்துவிடக் கூடாதென்று நான் மூன்றாவது கியருக்கு மேல் போகவே இல்லை.